விட்டுப்போன க்

'மேக்' என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு ஆதியில் பிசைவது என்றுதான் அர்த்தமாம். எனக்கு இதை முதலில் சொன்னவள் என் மகள் ஜெனோவா. சொன்னது இன்று காலை, நான் முறுக்குக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தபோது, சென்னையிலிருந்து போனில், அழுதுகொண்டே. அழுகிற பிள்ளை எதற்கு அர்த்தம் சொல்கிறது, அர்த்தம் சொல்கிற பிள்ளை எதற்கு அழுகிறது என்று பிடிபடாமல் சல்லடையும் கையுமாக நின்றேன். இப்போது மத்தியானச் சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, அரிசி மாவையும் உளுந்து மாவையும் ஒன்றாகக் கொட்டி, எள்ளும் உப்பும் போட்டு, வெண்ணெய் விட்டுப் பிசிறிப் பிசைய உட்கார்ந்திருக்கிறேன். கை பிசைகிறது, வாய் ஜெபமாலை சொல்கிறது, மனம் இரண்டிலும் இல்லை. உவரியிலிருந்து பஸ் ஏறிவிட்டேன் என்று சம்பந்தியம்மா பிலோமி மதினி போன் பண்ணி நேரமாயிற்று. மடியில் பூப்பொட்டலம் இருக்கிறதாம், தூத்துக்குடி வந்து சேருவதற்குள் கூட்டத்தில் நசுங்கிவிடுமோ என்று கவலையாம். நசுங்கட்டும். முழுக்க நசுங்கட்டும், அதுவே நல்லது. ஐயோ, என்ன நினைப்பு இது, மாதாவே மன்னித்துக்கொள். எட்டு வருஷம் கழித்துத் தன் மருமகள் உண்டாகியிருக்கிறாள் என்று நம்பி, அவள் தூரத்தில் இருந்தால் என்ன, பெற்றவள் தலையிலாவது வைத்துப் பார்க்கிறேன் என்று அந்த அம்மாள் கொண்டுவருகிற பூ. என் மகள் உண்டாகவில்லை. உண்டாக்கியிருக்கிறாள். அவள் அனுப்பிய மெசேஜில் நடுவில் இருக்க வேண்டிய ஒரு க் எங்கே போய்த் தொலைந்தது என்று தெரியவில்லை. அதை வருகிறவளிடம் என்ன சொல்லித் தொடங்குவது என்றும் தெரியவில்லை. ஜெபமாலையில் எத்தனையாவது மணியில் நிற்கிறேன் என்பதும் தெரியவில்லை. கையில் மாலை இருந்தால் விரல் சொல்லும். விரல் பூராவும் மாவு.

சனிக்கிழமை சாயங்காலம் வந்தது அந்த மெசேஜ். 'அம்மா, ஒருவழியா உண்டாகியிருக்கேன். உன்கிட்டதான் முதல்ல சொல்றேன்.' இவ்வளவுதான். இதைப் படித்த பெற்றவள் வேறு என்ன நினைப்பாள்? நான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் படித்தேன், எழுத்துக்கூட்டிப் படித்தேன், உண்-டா-கி, அப்புறம் போனை மாதா படத்தின் முன்னால் வைத்துவிட்டு முழங்காலில் நின்றேன். நின்றவள் நின்றபடியே இருந்திருக்கக் கூடாதா? மகளுக்கு ஒரு போன் போட்டு, ஏட்டி, நிசமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா? கேட்டால் கண்பட்டுவிடும், பிள்ளை சத்தம் கேட்டு அழுதுவிடுவோம், அவளையும் அழவைத்துவிடுவோம், நாளைக்குக் கேட்கலாம் என்று ஒரு பெரிய புத்தி. அவளிடம் கேட்காத வாய் ஊரிடம் சொல்லாமல் இருந்ததா? வீட்டுக்காரரிடம் சொன்னேன், நாத்தனாரிடம் சொன்னேன், மஸ்கட்டில் இருக்கிற மகன் டென்சிலிடம் சொன்னேன், அவன் உடனே அசைகிற தொட்டில் படம் ஒன்று அனுப்பினான், குழந்தை காலை உதைக்கிறது, மணி அடிக்கிறது. கடைசியாக உவரிக்குப் போட்டேன். பிலோமி மதினியிடம் சொன்னேன். கடல் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம், "மதினி, இன்னொரு தடவை சொல்லுங்க" என்றாள். நானும் இன்னொரு தடவை சொன்னேன். அந்த இன்னொரு தடவைதான் இப்போது என்னைக் குத்துகிறது. முதல் தடவை சொன்னதை அறியாமை என்று விட்டுவிடலாம்.

காலையில் மகள் சொல்கிறாள், போன் தானாக அந்த எழுத்தைத் தின்றுவிட்டதாம். அடிக்கும்போது ஒன்று, போகும்போது ஒன்று. அது என்ன போன், எழுத்தைத் தின்கிற போன், இங்கிலீஷில் அடித்தால் தின்னாதாம், தமிழ் என்றால் இளப்பம். அவள் அடித்தது உண்டாக்கியிருக்கேன் என்றுதானாம். எதை என்று கேட்டேன். "மேக்கைத்தான்" என்றாள். அவள் வேலை பார்க்கிறது அகராதி போடுகிற ஆபீஸில். இங்கிலீஷ் வார்த்தைக்குத் தமிழில் பொருள் எழுத வேண்டும். சின்ன வார்த்தைதான் பெரிய தொல்லையாம். யானைக்கு ஒரு வரி போதும், இந்த 'மேக்' மட்டும் பக்கம் பக்கமாக இழுத்துக்கொண்டு போனதாம், போன தவக்காலத்துக்கு முன்னால் தொடங்கியது, முந்தாநாள்தான் முடிந்ததாம். அதற்கு முதல் பொருளாக உண்டாக்கு என்று வைத்திருக்கிறாள், அந்த வேடிக்கைக்காக அதே வார்த்தையைப் போட்டு எனக்கு அனுப்பினாளாம். வேடிக்கை! எட்டு வருஷமாகப் பூசைக்குப் போனாலும் கேள்வி, கல்யாண வீட்டுக்குப் போனாலும் கேள்வி, மீன் வாங்கப் போனாலும் மீன்காரி, "உம்மவ உண்டாயிருக்காளா" என்று கேட்கிற ஊரில் இருக்கிற ஒருத்திக்கு அந்த வார்த்தையைப் போட்டா வேடிக்கை காட்டுவது? இதைச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அதற்குள் அவள், "பிலோமி மாமி காலையில போன் பண்ணாங்கம்மா. மாடிப்படி ஏறாதேன்னாங்க. பப்பாளி திங்காதேன்னாங்க. அவங்க சிரிச்சு நான் கேட்டதே இல்லம்மா. நான் சரி மாமி, சரி மாமின்னேன்" என்று சொல்லி அழுதாள். கொஞ்ச நேரம் கழித்து, மூக்கை உறிஞ்சிவிட்டு, "மேக்னா மொதல்ல என்ன தெரியுமாம்மா, பிசையறது. அந்தக் காலத்துல மண்ணைப் பிசைஞ்சுதான சுவர் வச்சான், மாவைப் பிசைஞ்சுதான ரொட்டி சுட்டான், அப்படியே எல்லாத்தையும் செய்யறதுக்கு அதே வார்த்தை ஆயிடுச்சு" என்றாள். இதை இப்போது எதற்குச் சொல்கிறாய் என்று கேட்டேன். "நான் என்ன செஞ்சேன்னு இந்த வீட்டுல ஒரு ஆளுக்காவது தெரியட்டும்னுதான்" என்றாள். அப்புறம், "நீயே மாமிகிட்ட சொல்லிரும்மா. என்னால முடியாது" என்று வைத்துவிட்டாள்.

தண்ணீர் கூடிவிட்டது. பார்த்தாயா, கை ஒட்டுகிறது. இன்னும் ஒரு பிடி மாவு போட வேண்டும், போட்டால் உப்பு குறையும், உப்புப் போட்டால் மறுபடியும் தண்ணீர். முன்னறையில் என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்து விசிறிக்கொண்டிருக்கிறார், ஹார்பரில் இருந்து ரிட்டயர் ஆனதில் இருந்து அந்த நாற்காலியும் அவரும் ஒட்டிப்பிறந்ததுபோல. காலையில் விஷயம் தெரிந்ததும் என்ன சொன்னார்? "நீ மெசேஜைப் படிச்சியா, உன் ஆசையைப் படிச்சியா?" பெரிய கண்டுபிடிப்பு. "நீ படிச்ச எட்டாங்கிளாஸ்ல க், ங், ச் எல்லாம் சொல்லிக் குடுக்கலியோ?" என்று அடுத்த குத்து. நான் சொன்னேன், எட்டாங்கிளாஸில் க் எங்கே வரும் என்று சொல்லிக்கொடுத்தார்கள், வராத க்-ஐ எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுக்கவில்லை. பேப்பரை முகத்துக்கு நேரே விரித்துக்கொண்டார். ஆனால் சனிக்கிழமை அதே மெசேஜை வாங்கிப் படித்துவிட்டு மொட்டைமாடிக்குப் போய் வெகுநேரம் நின்றது யார்? அவர் படித்தது மட்டும் என்னவாம்? கேட்கவில்லை. கேட்டால் அந்த மனிதர் முகம் போகிற போக்கை என்னால் பார்க்க முடியாது.

இங்கிலீஷ்காரனைச் சொல்ல வேண்டும். ஒரு வீட்டில் ஒரே வேலைக்காரியை வைத்துக்கொண்டு அத்தனை வேலையும் வாங்குகிற மாதிரி, இந்த ஒரு வார்த்தையைப் போட்டு உயிரை எடுத்திருக்கிறான். டீக்கும் மேக், சத்தத்துக்கும் மேக், சண்டைக்கும் மேக், சண்டை போட்டவர்கள் ராசியாகிறதுக்கும் மேக்தானாம். மூஞ்சியில் மாவு பூசிக்கொண்டால் மேக்கப். காலையில் எழுந்து பாய் தலையணையைச் சரிபண்ணினால் படுக்கையை மேக் பண்ணினானாம், தச்சன் மாதிரி. நமக்கு டீ போட ஒன்று, சோறு ஆக்க ஒன்று, தோசை சுட ஒன்று, சட்டை தைக்க ஒன்று, வீடு கட்ட ஒன்று, கோபத்துக்குச் சத்தம் போட ஒன்று. ஜெனோ சொல்லியிருக்கிறாள், இதெல்லாவற்றையும் அவள் அந்த ஒரு வார்த்தையின் கீழே வரிசையாக எழுத வேண்டும், ஒன்று விட்டாலும் ஆபீஸில் மேலே இருக்கிற அம்மா திருப்பி அனுப்பிவிடுவாள் என்று. எப்போது சொன்னாள்? மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். சாயங்காலம் சாயங்காலம் போனில், "அம்மா, முடிவு எடுக்கறதுங்கறோம்ல, அவன் முடிவை மேக் பண்றாம்மா, நாம ஏற்கெனவே எங்கயோ இருக்கறதை எடுக்கிற மாதிரி எடுக்கறோம், அவன் இல்லாததை உண்டாக்குறான், நல்லாருக்குல்ல" என்பாள். நான் உம், உம் என்பேன். மீனில் செதில் எடுத்துக்கொண்டே உம். பால் பொங்குகிறதா என்று பார்த்துக்கொண்டே உம். அவள் மூச்சு விட இடம் விட்டால் போதும், "அது கிடக்கட்டும் பிள்ளே, டாக்டர் என்ன சொன்னார்" என்று நுழைந்துவிடுவேன். டாக்டர் என்ன சொல்வார், அடுத்த மாதம் வரச் சொல்வார். உடனே அவள் குரல் சின்னதாகிவிடும், சரிம்மா வைக்கிறேன் என்பாள். எனக்கு அந்த வார்த்தை காதில் விழுந்ததுதான். தட்டிய வீட்டில் கதவு திறக்காத மாதிரி விழுந்து விழுந்து திரும்பிப் போயிருக்கிறது.

எரிச்சலாக வருகிறது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை. போன்மேல், மகள்மேல், நாற்காலிமேல், உன்மேலும்தான் தாயே, நீ மட்டும் என்ன, முழங்காலில் நின்று அழுதபோது படத்தில் இருந்து தலையை ஆட்டினாயே, ஆட்டின மாதிரிதான் எனக்குத் தெரிந்தது, காற்றில் காலண்டர் ஆடியதா என்னவோ. எத்தனை ஒன்பது நாள் நொவேனா, எத்தனை மெழுகுதிரி, பனிமய மாதா கோயிலில் கூட்டத்தில் இடிபட்டு நின்று கேட்டது ஒன்றுதானே. உண்டாகட்டும் என்று. ஆண்டவருக்குச் சொல்கிற வேலை எவ்வளவு லேசு, உண்டாகட்டும் என்றால் உண்டாகிறது, வெளிச்சம் உண்டாகிறது, மீன் உண்டாகிறது. ஆனால் மனிதன் என்று வந்தபோது அவர்கூட மண்ணைப் பிசையத்தானே செய்தார். வாயால் ஆகவில்லை, கையை வைத்தார். இதை நினைத்ததும் கை நின்றுபோகிறது. மாவு அப்பிய என் விரலையே பார்க்கிறேன். ஜெனோ சின்னப் பிள்ளையில் குழாயடியில் உட்கார்ந்து செம்மண்ணைப் பிசைந்துகொண்டிருப்பாள், ஸ்கூல் யூனிபார்மோடு, ஒரு உருண்டைமேல் ஒரு உருண்டை, அம்மா நான் ஒரு ஆளை உண்டாக்கிட்டேன் என்று கத்துவாள். நான் என்ன சொன்னேன்? சட்டையைப் பார் என்று சொன்னேனா? ஞாபகமில்லை. சட்டையைத்தான் சொல்லியிருப்பேன்.

இன்னொன்றும் சொன்னாள் காலையில். 'மேட்ச்' என்கிறார்களே, பொருத்தம், அதுவும் இந்த மேக்கும் ஒரே வயிற்றுப் பிள்ளைகளாம். நான் தீப்பெட்டியா என்றேன். இல்லையாம், ஜோடி. ஒன்றோடு ஒன்று ஒட்டும்படி பிசைந்தால் அது மேட்ச். 'மாஸ்' என்பதும் அந்தக் குடும்பந்தான் என்றாள். "சர்ச்சுப் பூசையா?" என்று நான் ஆவலாகக் கேட்க, "அது வேற மாஸ்மா, இது கட்டி, உருண்டை, பிசைஞ்ச உருண்டை" என்று அந்த அழுகையிலும் ஒரு சிரிப்புச் சிரித்தாள். பூசை வேறு குடும்பமாம். சரி, போகட்டும். மருமகன் கிளமெண்டும் இவளும் ஒட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள், அதில் குறை சொல்ல முடியாது. போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது, "பிள்ளை இல்லாட்டி என்ன மாமி, எனக்கு ஜெனோ இருக்கால்ல" என்று சாப்பிட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னான், குழம்பு கேட்கிற மாதிரி. பயமெல்லாம் அவன் அம்மாவை நினைத்துத்தான். பிலோமி மதினி கெட்டவள் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணப் பந்தியில், என் பக்கத்தில் உட்கார்ந்து, இலையைப் பார்த்துக்கொண்டே, "எங்க வீட்டுத் தொட்டில் பரண்மேல தூசி பிடிச்சுக் கெடக்கு மதினி. மரம் நல்ல மரம்" என்றாள். பக்கத்து இலைக்காரி சிரித்தாள். நான் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்தேன். அந்தத் தொட்டிலை இந்த இரண்டு நாளில் கீழே இறக்கித் துடைத்திருப்பாள். நிச்சயம் துடைத்திருப்பாள். எண்ணெய்கூடப் போட்டிருப்பாள். இன்றைக்கு நான் சொல்வதைக் கேட்டதும் என்ன நினைப்பாள்? மருமகள் வேண்டுமென்றே ஏமாற்றினாள் என்று நினைத்தால்? காலையில் சரி மாமி சரி மாமி என்றாளே, வாய் நிறையப் பொய் என்று நினைத்தால்? அந்த நினைப்பு ஒன்று விழுந்துவிட்டால் அதை எந்தத் தண்ணீர் விட்டுப் பிசைந்து சரிபண்ணுவது? மாவு இப்போது இறுகிவிட்டது. அச்சில் போட்டால் அமுங்காது. இளகினால் எண்ணெய் குடிக்கும், இறுகினால் கை ஒடியும். ஏதாவது ஒரு பதத்துக்கு வா, உன்னைக் கும்பிடுகிறேன். மாவைக் கும்பிடுகிற நிலைக்கு வந்துவிட்டேன்.

கேட் சத்தம். அவர், "வாங்க சம்பந்தி, வாங்க" என்று எழுந்திருக்கிறார், எழுந்த வேகத்தில் செருப்பை மாட்டிக்கொண்டு பால் வாங்கப் போகிறார். காலையில் வாங்கிய பால் அப்படியே அடுப்படியில் இருக்கிறது. ஆண்பிள்ளை. பிலோமி மதினி நேராக அடுக்களைக்கே வந்துவிட்டாள், பஸ் புழுதியும் மல்லிகை வாசமுமாக, முகமெல்லாம் பல். "என்ன மதினி, முறுக்கா? பிள்ளைக்கு அதுக்குள்ள ஆசை வந்துட்டாக்கும்!" நான், உட்காருங்க மதினி என்கிறேன். "உக்காரவா வந்தேன்? திரும்புங்க. பூ நசுங்காம கொண்டுவந்திருக்கேன், பாருங்க, ஒரு இதழ் உதிரல." கை மாவில் புதைந்திருக்கிறது, தடுக்க முடியவில்லை. என் கொண்டையில் பூ ஏறுகிறது, ஈரமாக, குளிர்ச்சியாக, கழுத்தில் ஒரு சொட்டு வழிகிறது. அவள் முகம் எனக்குத் தெரியவில்லை, என் முகம் அவளுக்குத் தெரியவில்லை. எதிரில் சுவர், சுவரில் மாதா காலண்டர். இப்படியே சொல்லிவிட வேண்டும். திரும்பினால் முடியாது.

"மதினி, அவ உண்டாகல." கொண்டையில் இருந்த விரல் அப்படியே நிற்கிறது. "உண்டாக்கியிருக்கா. மெசேஜ்ல ஒரு க் விட்டுப்போச்சு. நான்தான் கேக்காம கொள்ளாம உங்களுக்குச் சொல்லிட்டேன். பிள்ளைமேல ஒரு தப்பும் இல்ல." தெருவில் உப்பு லாரி ஒன்று போகிறது. விரல் கொண்டையை விட்டு எடுபடவில்லை. "காலையில பேசினேனே," என்கிறாள் மதினி, யாரோ தூரத்தில் இருந்து பேசுகிற மாதிரி. "சரி மாமி, சரி மாமின்னாளே." நான் சொல்கிறேன், "நீங்க சிரிச்சு அவ கேட்டதே இல்லியாம். அந்தச் சிரிப்பை நிறுத்த அவளுக்கு மனசு வரல." பிறகு, மெதுவாக, ஒரு கொண்டை ஊசி செருகப்படுகிறது, பூ சரியாமல் இருக்க. "எடுத்திருங்க மதினி," என்கிறேன். "வச்சது வச்சாச்சு. இருக்கட்டும்." நாற்காலி இழுபடுகிறது, உட்கார்கிறாள். நான் திரும்பிப் பார்க்கிறேன். முகத்தில் இருந்த பல் எல்லாம் உள்ளே போய்விட்டது, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருக்கிறாள், பஸ்ஸில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. "யார் யாருக்கெல்லாம் சொன்னீங்க?" என்கிறாள். "எல்லாருக்கும்." "நான் கோயில் சாமியார்கிட்டயே சொல்லிட்டேன் மதினி. நேத்துப் பூசையில நன்றின்னு பீடத்துல வாசிச்சாச்சு. ஊரே திரும்பி என்னைப் பாத்துச்சு." என்னையும் மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கப் பார்த்து அது தொண்டையில் வேறு என்னவோ ஆகிவிட்டது, அவளுக்கும் அப்படியே, உதட்டைக் கடித்துக்கொண்டு சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைக்கிறாள், துடைக்கத் துடைக்க வருகிறது. "தொட்டிலை வேற இறக்கிட்டேன்," என்கிறாள். எனக்குத் தெரியும் என்று சொல்லவில்லை.

அப்புறம் அவள் மூக்கைச் சிந்திவிட்டு, ஒரு எரிச்சலோடு, என்னைப் போலவே யார்மேல் என்று தெரியாத எரிச்சலோடு, "சரி, என்னத்தைத்தான் உண்டாக்கினாளாம்?" என்கிறாள். ஒரு வார்த்தை என்கிறேன். "வார்த்தையா?" வார்த்தைதான், இங்கிலீஷ் வார்த்தை, மாதக்கணக்காக உட்கார்ந்து அதற்குப் பொருள் எழுதியிருக்கிறாள், ஒரு வார்த்தைக்கு எத்தனை பொருள் என்று எனக்கே தெரியாது, ஆனால் ஆதியில் பிசைவது என்று அர்த்தமாம். "பிசையறதா?" என்று பிலோமி மதினி எட்டி என் பாத்திரத்தைப் பார்க்கிறாள், மாவில் பதிந்திருக்கிற என் விரல் தடத்தை, என்னை. "வேற என்னவெல்லாமாம்?" என்கிறாள். வாயைத் திறக்கிறேன். டீ, சண்டை, படுக்கை. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. உம், உம் என்று கேட்டவளுக்கு எங்கிருந்து வரும். ஜன்னல் கட்டையில் போன் அடிக்கிறது. திரையில் ஜெனோவின் படம், தலையைச் சாய்த்துக்கொண்டு சிரிக்கிற படம். சொல்லியாச்சா என்று கேட்கத்தான் அடிக்கிறாள். மதினி போனைப் பார்க்கிறாள், நான் மதினியைப் பார்க்கிறேன். அடித்துக்கொண்டே இருக்கிறது. "மதினி, என் கை பூரா மாவு. நீங்க எடுங்க. வேற ஒண்ணும் கேக்க வேண்டாம். அந்த வார்த்தை எப்படி வந்திருக்குன்னு மட்டும் கேளுங்க."